அளவெடுத்துத் தைத்த தோட்டா

1879 ஜனவரி 22. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எல்லையில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு மிஷன் நிலையம். உள்ளே ஏறத்தாழ 150 பிரிட்டிஷ் சிப்பாய்கள், சுற்றிலும் ஆயிரக்கணக்கான சூலு வீரர்கள். மாலையில் தொடங்கிய சண்டை விடியும்வரை ஓயவில்லை. கிழக்கு வெளுத்தபோது, கையிருப்பில் இருந்த சுமார் 20,000 தோட்டாக்களில் 900 மட்டுமே மிஞ்சியிருந்ததாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. மற்றவை வெற்று உறைகளாகத் தரையில் கிடந்தன.

அன்று வெடித்தது மார்ட்டினி-ஹென்றி என்ற துப்பாக்கி. அந்த வகைத் துப்பாக்கிகள் இன்றும் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எண்ணெய் போட்டுத் துடைத்தால் பல அப்படியே இயங்கும். ஆனால் ஓர் இரவில் பல்லாயிரமாய்ச் செலவழிந்த தோட்டாவைத் தேடிப் போனால் எந்தக் கடை அலமாரியிலும் எளிதில் கிடைக்காது. இரும்பு பிழைத்துக்கொண்டது, அதற்குத் தீனி போட்ட பித்தளை மறைந்துவிட்டது.

மறைந்துபோன அந்தத் தோட்டாவை மேசைமேல் வைத்து மீண்டும் உருவாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சட்டத்தின் வரம்புக்குள் இதைச் செய்கிறார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை செய்முறை விளக்கம் அல்ல. விரல் நீளப் பித்தளைக் குப்பி ஒன்றுக்குள் உலோகவியலும் வேதியியலும் அளவீட்டுக் கலையும் எப்படி ஒடுங்கியிருக்கின்றன என்று பார்ப்பதே இதன் நோக்கம்.

பெயரில் இருக்கும் வம்சாவளி

இந்தத் தோட்டாவின் பெயர் ‘.577/450’. விநோதமாகத் தோன்றும் இந்த எண்ணுக்குள் நம் நாட்டு வரலாறும் இருக்கிறது.

1857இல் இந்தியச் சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க மறுத்த கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா நினைவிருக்கிறதா? அது என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது. அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம். 1860களில் அதே துப்பாக்கியின் பின்புறத்தை வெட்டித் திறந்து, பின்னாலிருந்து தோட்டா போடும்படி மாற்றினார்கள். ஸ்னைடர் என்று அதற்குப் பெயர். காகிதத்துக்குப் பதிலாக உலோக உறை வந்தது. குழலின் அளவு மட்டும் பழையபடி .577ஆகவே இருந்தது.

மார்ட்டினி-ஹென்றியை 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. இது இரு மூளைகளின் சேர்க்கை. பின்வாயைத் திறந்து மூடும் பொறியமைப்பு சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஃபிரெடரிக் வான் மார்ட்டினியுடையது. குழலுக்குள் ஓடும் சுழல் வரிகள் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றியின் வடிவமைப்பு. புதிய குழல் 0.450 அங்குலமாகக் குறுகியது. மெலிந்த குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு தொலைதூரம் போகும். ஆனால் அதைத் தள்ளத் தேவையான மருந்தை மெல்லிய உறையில் அடைத்தால் தோட்டா மிக நீண்டுவிடும். அதற்கு ஒரு வழி கண்டார்கள். பழைய .577 உறையின் பருமனை அடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் .450க்கு ஒடுக்கினார்கள். பானைக்குக் கழுத்து வைப்பதுபோலத்தான். கீழே வயிறு, மேலே ஒடுங்கிய வாய். பெயரில் இருக்கும் இரண்டு எண்களும் அந்த வயிற்றையும் வாயையும் குறிக்கின்றன.

உறையின் உண்மையான வேலை

மருந்தையும் குண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் டப்பா என்றுதான் தோட்டா உறையைப் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதன் பெரிய வேலை வெடித்த பிறகுதான் தொடங்குகிறது.

மருந்து எரிந்ததும் உருவாகும் சூடான வாயு எல்லாத் திசைகளிலும் முட்டும். முன்னால் குண்டு நகர்ந்து வழி விடுகிறது. பின்னால், சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குல தூரத்தில், பின்வாய் மூடியிருக்கிறது. இரும்போடு இரும்பு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தினாலும் மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியே வாயு பீறிட்டால் கண் போய்விடும். உறை அதைத் தடுக்கிறது. அழுத்தம் ஏறிய கணத்தில் பித்தளைச் சுவர் விரிந்து, தோட்டா அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் அதே சுவர் லேசாகச் சுருங்கி எஃகை விட்டு விலகுகிறது. விலகினால்தான் வெற்று உறையை வெளியே இழுக்க முடியும்.

விரிய வேண்டும், கிழியக் கூடாது, திரும்பச் சுருங்கவும் வேண்டும். மூன்றையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் செய்ய வேண்டும். இந்த வேலைக்குப் பித்தளையைப் போல ஒத்துப்போன உலோகம் வேறு அமையவில்லை.

மார்ட்டினி-ஹென்றியின் முதல் உறைகள் இப்படி இருக்கவில்லை. உல்விச் ஆயுதச்சாலையில் இருந்த கர்னல் எட்வர்ட் பாக்ஸர் மிக மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி உறையாக்கி, அடியில் ஓர் இரும்பு வட்டைப் பொருத்தியிருந்தார். வெடிக்கும்போது சுருள் சற்று அவிழ்ந்து அறையை அடைக்கும். எண்ணம் நல்லதுதான். பாலைவனத்தின் சூடும் மணலும் சேர்ந்தபோது சிக்கல் வந்தது. சூடேறிய அறையில் மெல்லிய தகடு ஒட்டிக்கொண்டது. உறையை வெளியே இழுக்கும் கொக்கி அடியிலிருந்த இரும்பு வட்டை மட்டும் பிய்த்து எடுத்தது. 1885 ஜனவரியில் சூடானின் அபு கிளியா போரில் துப்பாக்கிகள் இப்படிச் சிக்கிக்கொண்டது பெரும் விவாதமானது. அந்தப் பத்தாண்டில்தான் ஒரே பித்தளைத் துண்டை இழுத்து நீட்டிச் செய்த உறுதியான உறைகள் அந்த இடத்தைப் பிடித்தன.

பித்தளையும் மழைக்காலமும்

தோட்டா உறைக்குரிய பித்தளை 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்தது. இதன் குணத்தை நம் ஊர்க் கன்னார்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்திருக்கிறார்கள். பித்தளைத் தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகும். இறுகிய பிறகும் தட்டினால் வெடிக்கும். ஆகவே நடுவில் நிறுத்தி, தகட்டை நெருப்பில் காட்டி இளக்கிக்கொண்டு மறுபடி தட்டுவார்கள்.

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் ஆங்காங்கே பிசகுகள் உண்டு. விரித்த பாயில் விழுந்த ஒரு சுருக்கத்தைக் காலால் தள்ளினால் அது வழுக்கிக்கொண்டு போவதுபோல, உலோகம் வளையும்போது இந்தப் பிசகுகள் நகர்கின்றன. தட்டத் தட்டப் பிசகுகள் பெருகி, ஒன்றையொன்று வழிமறித்து நெருக்கடி உண்டாகிறது. வழி அடைபட்டதும் உலோகம் வளைய மறுக்கிறது. இதுதான் இறுக்கம். சூடேற்றினால் பழைய குழப்பம் கலைந்து புதிய படிகத் துகள்கள் முளைக்கின்றன, உலோகம் இளகிவிடுகிறது.

இறுகிய பித்தளைக்குள் மாட்டிக்கொண்ட விசை எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகுக்குக் காட்டியது நம் நாட்டு மழைக்காலம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் ராணுவ நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத உறைகளில் விரிசல். குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில்தான் விரிசல் அதிகம். ‘பருவ விரிசல்’ என்று பெயர் வைத்தார்கள், காரணம் மட்டும் பிடிபடவில்லை. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கம் தந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்குகிறது. செய்யும்போதே உறைக்குள் தங்கிவிட்ட இழுவிசை, அம்மோனியா அரித்த இடத்தைப் பிளந்துவிடுகிறது. கழுத்தை மிதமாகச் சூடாக்கி அந்த விசையைத் தணித்தால் விரிசல் வருவதில்லை. இன்று பாலங்களிலும் கொதிகலன்களிலும் பொறியாளர்கள் அஞ்சும் ‘தகைவு அரிமான விரிசல்’ என்ற நிகழ்வை ஆராய்ந்த வரலாற்றில் நம் லாயங்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

நூறாண்டுப் பழைய தோட்டா எங்காவது ஒரு பெட்டியில் கிடைத்தாலும் அதை வெடிக்க முயலக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இது ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். தீமூட்டும் மருந்து சிதைந்திருக்கலாம். பழைய தோட்டா சேகரிப்பாளரின் கண்ணாடிப் பெட்டிக்கு உரியது. சுட வேண்டுமென்றால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

துப்பாக்கியிடமே கேட்பது

புதிதாகச் செய்ய அளவு வேண்டும். வரைபடத்தில் இருக்கும் அளவை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்குதான் சிக்கல்.

2003இல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து பல்லாயிரக்கணக்கான பழைய துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் விலைக்கு வாங்கினார்கள். மார்ட்டினி-ஹென்றிகள் அதில் ஏராளம். கூடவே, வெளித்தோற்றத்தில் மார்ட்டினியைப் போன்றே இருக்கும் நேபாளத் துப்பாக்கிகளும் இருந்தன. ராணா குடும்பத்தைச் சேர்ந்த கெஹேந்திர சம்ஷேரின் பெயரால் ‘கெஹேந்திரா’ என்று அழைக்கப்படும் அவை கையால் அரம் பிடித்துச் செய்யப்பட்டவை. ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு எந்த வரைபடமும் உதவாது. அதன் அறையும் குழலும் சொல்வதுதான் அளவு.

அறையின் அளவை எடுக்க ஓர் அழகான வழி இருக்கிறது. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் நான்கும் கலந்த ‘செரோசேஃப்’ என்ற உலோகக் கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கொதிநீரின் சூடே அதற்கு அதிகம். சுத்தம் செய்த அறைக்குள் அதை ஊற்றி, இறுகியதும் மெல்லத் தட்டி எடுத்தால் அறையின் உட்புறம் கையில் வார்ப்பாக வந்துவிடும். எந்த உலோகமும் ஆறும்போது சுருங்குமே, அளவு தவறாதா என்ற கேள்வி எழும். பிஸ்மத்தின் தனிக்குணம் இங்கே கைகொடுக்கிறது. நீர் பனிக்கட்டியாகும்போது விரிவதுபோல பிஸ்மத்தும் உறையும்போது விரியும். இந்தக் கலவை முதலில் சற்றுச் சுருங்கும், அதனால்தான் அறையிலிருந்து கழன்று வரும். பிறகு மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறையின் அசல் அளவுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் மைக்ரோமீட்டரை வைத்தால் கிடைப்பது உண்மையான அளவு.

குழலின் அளவுக்கு வேறு வழி. எண்ணெய் தடவிய மென்மையான ஈயத் துண்டைக் குழலின் ஒரு முனையில் வைத்துத் தட்டி மறு முனை வழியே வெளியேற்றுவார்கள். ஈயத்தின் உடம்பில் குழலின் வரப்பும் வாய்க்காலும் அச்சுப் பதிந்திருக்கும். ஹென்றியின் குழலில் வரிகள் ஏழு. ஏழு ஒற்றை எண் ஆகையால் ஒரு வாய்க்காலுக்கு நேர் எதிரே இன்னொரு வாய்க்கால் வராது. சாதாரண மைக்ரோமீட்டரால் குறுக்கே அளந்தால் கிடைக்கும் எண் ஏமாற்றும். மூன்று இடங்களில் தொட்டு அளக்கும் தனி மைக்ரோமீட்டர் வேண்டும். அப்படி அளந்த பலருக்கும் முதலில் வியப்புதான். பெயரில் 0.450 அங்குலம் என்றிருக்கும் குழல், வாய்க்காலின் அடிவரை அளக்கும்போது 0.460ஐத் தாண்டுவது சாதாரணம். ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். குண்டு வரிகளைப் பிடித்துச் சுழன்று நேராகப் பாய்வதும், சுழலாமல் தலைகுப்புறத் தடுமாறுவதும் அந்த நூறில் ஒரு பங்கில்தான் தீர்மானமாகிறது.

வேட்டைத் துப்பாக்கியிலிருந்து ஓர் உறை

இனி உறை. .577/450க்கென்றே பித்தளை உறை செய்யும் சிறு நிறுவனங்கள் ஒன்றிரண்டு உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்ட்ரம் அவற்றில் ஒன்று. விலை அதிகம், எப்போதும் கிடைக்காது. ஆகவே பலரும் பிரேசிலில் தயாராகும் 24 காஜ் பித்தளை உறையைத் தேடிப் போகிறார்கள். அது ரவைத் துப்பாக்கிக்கு உரியது, பறவை வேட்டைக்காகச் செய்யப்பட்டது.

பறவைத் துப்பாக்கியின் உறை ராணுவத் துப்பாக்கிக்கு எப்படிப் பொருந்துகிறது? விடை ‘காஜ்’ என்ற பழைய அளவில் இருக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தை 24 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் விட்டம் என்னவோ, அதுதான் 24 காஜ் குழலின் விட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு 453.6 கிராம். அதில் 24இல் ஒரு பங்கு 18.9 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34 என்று கொண்டால் உருண்டையின் விட்டம் 14.7 மில்லிமீட்டர், அதாவது 0.579 அங்குலம். என்ஃபீல்டின் .577க்கு மயிரிழை தூரம். பெயரில் ஒளிந்திருந்த அந்த வயிற்று அளவு இங்கே திரும்பி வந்து நிற்கிறது. 1857இன் காகிதத் தோட்டாவும், ஸ்னைடரும், மார்ட்டினியும், பிரேசிலின் பறவை உறையும் ஒரே ஈய உருண்டையின் உறவினர்கள்.

நேராக இருக்கும் அந்த உறையின் மேல்பாதியை எஃகு அச்சுக்குள் அழுத்தி ஒடுக்க வேண்டும். ஒரே அழுத்தில் ஒடுக்கினால் சுவர் மடிந்து சுருங்கிவிடும். கொஞ்சம் ஒடுக்கி, சூடு காட்டி இளக்கி, மறுபடி ஒடுக்குவார்கள். கன்னாரின் அதே வழிதான். ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. இளக வேண்டியது கழுத்தும் தோளும் மட்டுமே. அடிப்பகுதி இறுக்கமாகவே இருந்தாக வேண்டும், வாயுவின் பின்னுதைப்பைத் தாங்குவது அதுதான். அதனால் உறையின் அடியை நீருக்குள் நிறுத்தி வைத்து மேல்பாதிக்கு மட்டும் சுடர் காட்டும் வழக்கம் இருக்கிறது. அடி இளகிப்போன உறையை நசுக்கி எறிந்துவிட வேண்டும்.

உறையின் அடியில் தீமூட்டி இருக்கிறது. சிறு உலோகக் கிண்ணத்தில் அதிர்வுக்கு வெடிக்கும் மருந்து. அது நசுங்கி வெடிக்க எதிரே ஒரு பட்டடை வேண்டும். முன்பு பார்த்த பாக்ஸர், பட்டடையைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்தார். அமெரிக்கரான ஹைரம் பெர்டான், பட்டடையை உறையின் அடியிலேயே அமைத்து அதன் இருபுறமும் இரண்டு துளைகள் போட்டார். பாக்ஸர் முறையில் நடுவே ஒரே துளை. வெடித்துத் தீர்ந்த கிண்ணத்தை உள்ளிருந்து ஓர் ஊசியால் தள்ளி வெளியேற்றிவிடலாம். உறையை மறுபடி பயன்படுத்துவது எளிது. பெர்டான் முறையில் நடுவே பட்டடை நிற்பதால் ஊசி நுழையாது. ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு அமெரிக்காவில் வேரூன்றியது, அமெரிக்கரின் கண்டுபிடிப்பு ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே மறுநிரப்பும் பழக்கம் பரவியதற்கு இந்தச் சிறு துளையும் ஒரு காரணம். பிரேசில் உறைகள் பாக்ஸர் முறையில் அமைந்திருப்பது மார்ட்டினிக்காரர்களின் அதிர்ஷ்டம்.

கருமருந்தின் நியாயம்

மார்ட்டினி-ஹென்றியின் மருந்து கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75:15:10 என்ற விகிதத்தில் கலந்தது. தோட்டா உலகில் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.065 கிராம், நம் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. ராணுவத் தோட்டாவில் 85 கிரெயின் மருந்து, 480 கிரெயின் குண்டு. அதாவது ஐந்தரை கிராம் மருந்து 31 கிராம் ஈயத்தை நொடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகத்தில் அனுப்பியது. பின்னால் வந்த .303இன் புகழ்பெற்ற ஏழாம் வகைத் தோட்டாவின் குண்டு 11 கிராம்தான், வேகம் நொடிக்கு 740 மீட்டரைத் தாண்டியது. கருமருந்தால் அந்த வேகத்தைத் தொட முடியாது. வேகம் எட்டாத இடத்தைக் குண்டின் கனம் ஈடுசெய்தது.

கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாக மிஞ்சுகிறது. புகைமண்டலமும் குழலில் படியும் கரியும் அதுதான். அந்தக் கரி ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் துரு பிடிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவியாக வேண்டும்.

புகையில்லா மருந்தைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய துப்பாக்கிகளை உடைத்து மனிதர்களைக் காயப்படுத்தும் எண்ணம் இதுதான். 1884இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய புகையில்லா மருந்தும், 1889இல் பிரிட்டனில் பிறந்த கார்டைட்டும் முற்றிலும் வேறு இனம். நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் உருவான தொழிற்சாலை இந்தக் கார்டைட்டின் பெயரையே தாங்கியது. இவை ஏறத்தாழ முழுவதும் வாயுவாகின்றன. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறுகிறது, அந்த வேகம் அழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது. கருமருந்தின் நிதானத்துக்கென்று செய்த இரும்பு இந்தத் தாவலைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நூற்று நாற்பது வயதான இரும்புக்கு அது பிறந்தபோது உண்ட உணவே உகந்தது.

கருமருந்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்றிடம் இருக்கக் கூடாது. இருந்தால் அழுத்த அலை குண்டின் அடியில் மோதிக் குழலில் வளையம் போல வீக்கம் உண்டாக்கலாம். ராணுவத் தோட்டாவில் அட்டை வட்டுகளும் தேன்மெழுகு வட்டும் அந்த இடத்தை நிரப்பின. மெழுகு உருகிக் குழலின் கரியை இளக்கவும் செய்தது. இன்று குறைந்த மருந்தோடு மென்மையாகச் சுட விரும்புகிறவர்கள் மிச்ச இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் தெரியுமா? கோதுமை ரவையால். நாம் உப்புமா கிண்டும் அதே ரவை. தமிழில் துப்பாக்கியின் சிறு குண்டுக்கும் ரவை என்றுதான் பெயர். ஒரே சொல்லுக்குள் இருந்த இரண்டு பொருளும் ஒரே உறைக்குள் சந்திக்கின்றன.

காகிதம் சுற்றிய ஈயம்

குண்டு, ஈயத்தோடு சிறிது வெள்ளீயம் கலந்தது. ராணுவக் கணக்கில் 12 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசையைக் குறைத்து அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாயவைக்கிறது, ஆறிய பின் குண்டுக்குக் கொஞ்சம் உறுதியும் தருகிறது. உறுதி அளவோடு நிற்க வேண்டும். மருந்து வெடித்த கணத்தில் குண்டின் அடி நசுங்கி அகன்று வாய்க்கால்களை நிரப்ப வேண்டும். 0.450 என்று பெயர்பெற்ற குண்டு அதைவிட அகன்ற குழலில் வேலை செய்ததன் ரகசியம் இந்த நசுங்கல்தான். ஈயம் அதிகம் இறுகினால் நசுங்காது, வாயு பக்கவாட்டில் தப்பிவிடும்.

குண்டைச் சுற்றி மெல்லிய காகிதம் இரண்டு சுற்று. ஈயம் குழலில் ஒட்டாமல் அது காக்கிறது, வரிகளைப் பற்றிக்கொள்ளவும் உதவுகிறது. குழலை விட்டு வெளியேறியதும் துண்டு துண்டாகக் கிழிந்து உதிர்கிறது. ஈயம் வார்ப்பவர்கள் காற்றோட்டமான இடத்தில் நின்று, கையைக் கழுவாமல் எதையும் தொடக் கூடாது என்பது எழுதாத விதி. ஈயம் உடலுக்குள் ஓசையில்லாமல் சேரும் நஞ்சு.

முதல் தோட்டா தயாரானதும் உடனே தோளில் வைத்துச் சுட்டுவிடமாட்டார்கள். துப்பாக்கியைப் பழுதறிந்த ஒருவர் முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதைப் பலகையில் இறுகக் கட்டி, தூர நின்று கயிற்றால் விசையை இழுப்பது நல்ல வழக்கம். வெளிவரும் உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அடிக்கு மேலே பளபளக்கும் வளையம் தெரிந்தால் அங்கே சுவர் இழுபட்டு மெலிகிறது என்று பொருள். கழுத்தில் விரிசல் தெரிந்தால் இளக்கியது போதவில்லை.

அரிது என்பது யாருக்கு?

ஒரு தோட்டா ஏன் மறைகிறது? ராணுவம் கைவிட்டால் மறைகிறது. 1888இல் .303 வந்ததும் மார்ட்டினியின் தோட்டாவுக்கு அந்திமம் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு நாட்டில் செத்தது இன்னொரு நாட்டில் வாழலாம். ஆஸ்திரியப் பேரரசின் 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டா ஐரோப்பாவில் எப்போதோ ஓய்ந்துவிட்டது. இந்தியாவில் .303 ராணுவத்துக்குரியது என்று தனிமனிதர்களுக்குத் தடை வந்தபோது, அந்த ஆஸ்திரிய உறையைத் தழுவிப் பிறந்தது .315. நம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் அதைப் பல பத்தாண்டுகளாகத் தயாரித்துவருகின்றன. வியன்னாவில் அருங்காட்சியகப் பொருள், இங்கே உரிமம் பெற்றவரின் கையில் சாதாரணத் தோட்டா.

பிரிட்டன் சட்டத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. வழக்கொழிந்த தோட்டா அளவுகளின் பட்டியல் ஒன்று அங்கே இருக்கிறது. .577/450 அதில் இடம்பெற்றிருப்பதால், அழகுப் பொருளாக மட்டும் வைத்திருக்கும் பழைய மார்ட்டினி-ஹென்றிக்குச் சான்றிதழ் தேவையில்லை. சுட நினைத்தால் அந்தச் சலுகை போய்விடும், சான்றிதழ் வேண்டும். துப்பாக்கியின் உயிர் இரும்பில் இல்லை, உறையில்தான் இருக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

இந்த முயற்சியில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் பணிவு. எந்தப் புத்தகமும் சொல்லாத அளவை நூற்று நாற்பது ஆண்டு பழைய இரும்பிடமே கேட்டு அறிகிறார்கள். வார்ப்பு ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். ஒரு நூலிழைக்காக மறுபடி அளக்கிறார்கள். அன்று தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் கொட்டிய பொருளை, ஒவ்வொன்றாக, சட்டைக்கு அளவெடுத்துத் தைப்பதுபோலச் செய்கிறார்கள்.

சுட்ட பிறகு அந்த உறை அறையின் உருவத்தை வாங்கிக்கொள்கிறது. வெடிப்பில் விரிந்த பித்தளை, தான் இருந்த அறையின் ஒவ்வொரு கோணலையும் மேட்டையும் பதிந்துகொண்டு வெளிவருகிறது. அடுத்த முறை அதன் கழுத்தை மட்டும் ஒடுக்கினால் போதும், அதே துப்பாக்கிக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். வேறு துப்பாக்கியில் முட்டிக்கொள்ளும். அதனால் கவனமானவர்கள் அந்த உறைகளைத் தனிப் பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதி வைக்கிறார்கள். துப்பாக்கி ஒருநாள் வேறு கைக்குப் போகும்போது பெட்டியும் கூடவே போக வேண்டும். அது இல்லாமல் போனால் புதியவர் மறுபடி முதலிலிருந்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி, அறையிடம் அளவு கேட்க வேண்டியிருக்கும்.